மறு: நிலவின் மோதல் பாறைக்கு என்ன பெயர் வைப்பது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் அகராதியில் 'இம்பாக்ட் மெல்ட் பிரெக்சியா'வுக்கு (விண்கல் மோதலில் உருகிய பாறை, உடைந்த கற்களோடு சேர்ந்து இறுகியது) இதுவரை மூன்று தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன: விண்கல் பாறை, தாக்கத் துணுக்குப் பாறை, மோதுருகு சல்லிப்பாறை. மூன்றாவது நான் வைத்தது. அதையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

'விண்கல் பாறை' என்றால் வானத்திலிருந்து விழுந்த கல் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த இந்தப் பாறையோ நிலவின் சொந்தப் பாறை. விண்கல் மோதிய வேகத்தில் தரை நொறுங்கியது, ஒரு பகுதி உருகியது, அந்த உருகல் நொறுங்கல்களைக் கவ்விக்கொண்டு இறுகியது. காங்கிரீட் மாதிரிதான்: சிமென்ட் இடத்தில் உருகிய பாறை, ஜல்லி இடத்தில் உடைந்த கல்.

'சல்லி' கொச்சையாக இருக்கிறது, அகராதியில் நிற்காது என்று ஆத்தூர் ஆசிரியர் ஐயா எழுதியிருந்தார். ஐயா, நம் மாவட்டத்தில் கல் குவாரியும் கிரஷரும் இல்லாத பக்கம் குறைவு. முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி என்று கொத்தனார் கேட்டால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். முனை மழுங்காத, கூர்கூராக உடைந்த கல். பிரெக்சியாவின் இலக்கணமும் அதேதான். உருண்டைக் கற்கள் சேர்ந்து இறுகினால் அது வேறு வகைப் பாறை. அதற்குக் கூழாங்கல் திரள் என்ற பெயர் பொருந்தும். 'துணுக்கு' என்ற சொல்லில் இந்தக் கூர்மை தெரியவில்லை. 'தாக்கம்' இன்று பாதிப்பு, செல்வாக்கு என்ற பொருளில் தேய்ந்துபோய்விட்டது. 'மோதல்' அப்படி இல்லை.

ஆனால் என் பிடிவாதத்துக்கு முக்கியக் காரணம் இதெல்லாம் இல்லை. இந்தப் பாறையின் வயதைக் கணிக்கும் முறைதான் காரணம்.

யுரேனியம்-238 சிதைந்து சிதைந்து காரீயம்-206 ஆகிறது. அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 447 கோடி ஆண்டுகள். யுரேனியம்-235 காரீயம்-207 ஆகிறது. அதற்குச் சுமார் 70 கோடி ஆண்டுகள். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நடப்பதால், 207க்கும் 206க்கும் உள்ள விகிதத்தை அளந்தாலே வயது கிடைத்துவிடும். எந்தச் சிதைவிலும் பிறக்காத காரீயம்-204ஐ வைத்து, கனிமத்தில் முதலிலேயே இருந்த காரீயத்தைக் கழித்துக்கொள்வார்கள். (இங்கே ஒன்று: வெறும் 'ஈயம்' என்று எழுத வேண்டாம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். நாம் பேசுவது காரீயம். பதிவில் 'காரீயக் காலக்கணிப்பு' என்றே இருக்கட்டும்.)

சரி, ஒரே பாறைக்குள் எதன் வயதை அளக்கிறோம்? 1971இல் அப்பல்லோ 14 இறங்கிய ஃபிரா மௌரோ பகுதியின் கற்களைப் பாருங்கள். அவற்றில் இருக்கும் சிர்கான் என்ற கனிமத்தின் மணிகள் பல 400 கோடி ஆண்டைத் தாண்டியவை. சிர்கான் படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், காரீயத்தை ஒதுக்கிவிடும். அப்புறம் உள்ளே பிறக்கும் காரீயத்தை 900 டிகிரிக்கு மேல் சூடேறினாலும் எளிதில் விடாது. அதே கல்லில் உள்ள பாஸ்பேட் கனிமங்கள் அப்படி இல்லை. 500 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே காரீயம் கசிந்துவிடும், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அவை காட்டும் வயது சுமார் 392 கோடி ஆண்டுகள். இம்பிரியம் என்ற பெரும்பள்ளத்தைத் தோண்டிய மோதலின் வயது அது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

ஆக, ஒரே கல்லில் இரண்டு வரலாறு. சல்லிக்குள் இருக்கும் சிர்கான் நிலவின் பழைய மேலோட்டைச் சொல்கிறது. சூட்டில் காரீயத்தை இழந்த கனிமங்கள் மோதலைச் சொல்கின்றன. 'தாக்கத் துணுக்குப் பாறை' என்று எழுதிப் பக்கத்தில் 'வயது 392 கோடி' என்று போட்டால், கல் முழுவதும் அன்றுதான் பிறந்தது என்று மாணவர் படித்துவிடுவார். பெயரில் 'உருகு' ஒரு பக்கம், 'சல்லி' ஒரு பக்கம் நின்றால், எதன் வயது என்ற கேள்வி தானாகவே எழும். 1974இல் டெரா, பாபனஸ்டாசியூ, வாசர்பர்க் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 390 கோடி ஆண்டை ஒட்டி நிலவில் மோதல்கள் குவிந்தன என்று எழுதியதும் இப்படிப்பட்ட வயதுகளை வைத்துத்தான். அது உண்மையிலேயே குவியலா, இம்பிரியம் என்ற ஒரே மோதலின் சிதறலைத் திரும்பத் திரும்ப அளக்கிறோமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அந்த வழக்கைத் தமிழில் எழுத வேண்டுமென்றால் 'பாறை வயது', 'மோதல் வயது' என்று இரண்டு தனிச் சொற்கள் கட்டாயம் வேண்டும்.

நமக்கு இது எட்டாத சங்கதி இல்லை. ஏற்காடு மலைப்பாதையில் வெட்டுமுகத்தில் தெரிகிற அந்தக் கருத்த, எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும் சார்னோக்கைட்டுக்குச் சுமார் 250 கோடி ஆண்டு என்று சொல்லும்போதும், அது உருமாறிய காலத்தைத்தான் சொல்கிறோம். பழைய சேலம் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும், நிலவுப் பாறையை ஒத்த அனார்த்தோசைட் என்ற பாறையை அரைத்துத்தான் சந்திரயான்-2 சோதனைக்கு நிலவு மண் செய்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் நிலவுப் பாறைக்குப் பெயர் வைக்கத் தயங்க வேண்டியதில்லை.

பதிவை இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்:

மோதுருகு சல்லிப்பாறை: விண்பொருள் மோதலில் உருகிய பாறைக்குழம்பு, உடைந்த கற்களைப் பிணைத்து இறுகியதால் உண்டான பாறை. உருகல் தருவது மோதல் வயது. சல்லி அதைவிட மூத்த வயதையும் தரலாம்.

'மோதுருகு' வாயில் தடுக்குகிறது என்று ஏற்காட்டு அக்கா சொன்னது சரிதான். பேச்சில் 'உருகுசல்லிப் பாறை' என்று சுருக்கிக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. 'சல்லி'யை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள், அதன் பிறகு பதிவைச் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
சேலத்திலிருந்து