மாட்டுப் பட்டியா, மாட்டு மந்தையா? தொகுதிப் பெயரில் ஒரு சந்தேகம்

கொக்கட்டிச்சோலை அம்மா:
மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். பயிற்சித்தாளில் மாடுகளின் தொகுதிப் பெயருக்கு ‘பட்டி’ என்று எழுதினாள். பிழை போட்டு ‘மந்தை’ என்று திருத்தியிருக்கிறார்கள். பட்டி பிழையா? ஆங்கிலத்தில் காகக் கூட்டத்துக்கு ‘மேர்டர்’ என்கிறார்களாம். கொலைக்கும் காகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மூத்தவன் வேறு துளைக்கிறான்.

படுவான்கரையான்:
பிழையே இல்லை அக்கா. மயிலத்தமடுப் பக்கம் போய் ‘எத்தனை மந்தை?’ என்று கேட்டால் பட்டிக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். தைப்பொங்கலுக்கு மறுநாள் நாம் பொங்குவதே பட்டிப் பொங்கல்தானே.

தமிழ் டீச்சர்:
இரண்டும் சரி. பட்டி என்பது இரவில் மாட்டை அடைக்கும் இடம். உள்ளே நிற்கும் மாடுகளுக்கும் அதுவே பெயராயிற்று. மந்தையும் அப்படித்தான், ஊர்க் கால்நடை கூடும் வெளிக்கும் அந்தப் பெயர் உண்டு. பழந்தமிழில் மாட்டுக் கூட்டம் ‘நிரை’. நிரை என்றால் வரிசை. பகைவரின் ஆநிரையைக் கவரப் போகிறவர் வெட்சி சூடுவார், மீட்கப் போகிறவர் கரந்தை சூடுவார். எறும்புச் சாரையும் வரிசைதான். சீனிப் போத்தலில் இருந்து சுவர் வெடிப்புவரை போகும் கோட்டை மகளுக்குக் காட்டுங்கள், பிறகு மறக்கமாட்டாள். பரீட்சையில் மட்டும் பாடப்புத்தகத்தில் உள்ளதையே எழுதட்டும். புள்ளியை ஏன் விடுவான்?

கல்முனை வாசகன்:
‘மேர்டர்’ பழைய ஆங்கிலேய வேட்டைக்காரர்களின் சொல் விளையாட்டு. 15ஆம் நூற்றாண்டுப் பட்டியல்களில் வருகிறது. 1486இல் அச்சான ‘புக் ஒவ் சென் அல்பன்ஸ்’ என்ற வேட்டை நூலில் இப்படிப் பெரிய பட்டியலே இருக்கிறது. அதில் சிங்கக் கூட்டம் ‘பிரைட்’, அதாவது செருக்கு. கன்னியாஸ்திரிகளையும் விடவில்லை, ‘தேவைக்கு மேல்’ என்று பொருள்படும் சொல்லை அவர்களுக்குச் சூட்டிக் கேலி செய்திருக்கிறார்கள். பறவை ஆய்வாளர்கள் காகத்துக்கும் சாதாரணமாக ‘ஃப்ளொக்’ என்றுதான் எழுதுவார்கள். மீனுக்குச் சொல்லும் ‘ஸ்கூல்’ மட்டும் விளையாட்டு அல்ல. கூட்டம் என்று பொருள்படும் பழைய டச்சுச் சொல்லில் இருந்து வந்தது. பள்ளிக்கூட ‘ஸ்கூல்’ கிரேக்க வழி, வேறு வேர்.

கொக்கட்டிச்சோலை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. அப்புறம், யானைக்கு?

படுவான்கரையான்:
தாளில் ‘யானைக் கூட்டம்’. வேளாண்மைக்குள் இறங்கிய பிறகு நாம் சொல்லும் பெயர்களைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.