முதலாண்டு பிசியோதெரபிக்கு டிசெக்‌ஷன் ஹால் நேரத்தைப் பாதியாகக் குறைக்கலாமா?

விரல்நுனி (தொடக்கப் பதிவு)

பி.பி.டி. (இளநிலை பிசியோதெரபி) முதலாண்டு உடற்கூறியல் செய்முறை வகுப்பு, அதாவது உடலை அறுத்துப் படிக்கும் ஹால் நேரம், பல கல்லூரிகளில் ஒரே மாதிரிதான் நடக்கிறது. மேசைமேல் ஒரு கடாவர் (பதப்படுத்திய இறந்த உடல்), அல்லது முன்பே அறுத்துவைத்த ஒரு கை. சுற்றிலும் அறுபது பேர். முதல் வரிசைக்குத் தசை தெரியும், மூன்றாம் வரிசைக்கு ஆசிரியரின் குரல் மட்டும் எட்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரெக்கார்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்குவார்கள்.

இந்த நேரத்தில் பாதியை உயிருள்ள உடலுக்கு மாற்ற வேண்டும் என்கிறேன். நம் வேலை முழுக்கத் தோலுக்கு மேலிருந்துதான் நடக்கிறது. தோள்பட்டை எலும்பிலிருந்து மேற்கைக்குப் போகும் சுப்ராஸ்பினேட்டஸ் தசையையே எடுத்துக்கொள்ளுங்கள். கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் அதன் டெண்டன் (தசைநாண்) தோள் உச்சி எலும்பான அக்ரோமியனுக்கு அடியில் ஒளிந்திருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் விரலுக்குச் சிக்குவது தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசைதான். முழங்கையை மடக்கி முன்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னால் மேற்கை உள்பக்கம் திரும்பி, டெண்டன் அக்ரோமியனின் முன்விளிம்புக்குக் கீழே எட்டிப்பார்க்கும். ஆள்காட்டி விரலை அங்கே வைத்து, நடுவிரலை அதன்மேல் ஏற்றி, நாரின் போக்குக்குக் குறுக்கே மெல்ல நகர்த்த வேண்டும்.

புதியவர்கள் இதில் செய்யும் தவறுகள் மூன்று. நோயாளி தோளை இறுக்கிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் அழுத்துவார்கள். பைசெப்ஸ் தசையின் நீண்ட தலை நாணைத் தொட்டுவிட்டு இதுதான் சுப்ராஸ்பினேட்டஸ் என்பார்கள். வலி வரும் அளவுக்கு அழுத்திவிட்டு, வலி வந்ததையே டெண்டன் கெட்டதற்குச் சான்றாக எழுதுவார்கள். இந்த மூன்றையும் கடாவரில் திருத்த முடியாது. அங்கே தசை இறுகாது, வலிக்கிறது என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

இன்னொன்று. உடற்கூறு ஆய்வகக் கற்பித்தல் முறைகளை ஒப்பிட்டு 2018இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. தாங்களே அறுத்துப் படித்தவர்களுக்கும், அறுத்துவைத்ததையோ மாதிரிகளையோ கணினிப் படங்களையோ பார்த்துப் படித்தவர்களுக்கும் குறுகிய கால அறிவில் வேறுபாடு தெரியவில்லை என்பதே அதன் முடிவு.

எலும்புமேசை

விரல்நுனி சார், அந்த ஆய்வு அளந்தது குறுகிய கால அறிவை. கொடி குத்திய இடத்துக்குப் பெயர் சொல்லும் ஸ்பாட்டர் தேர்வுக்கு அட்டைப் படமே போதும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆழத்தையும் அடுக்கையும் அது சோதிக்காது.

உங்கள் எடுத்துக்காட்டிலேயே நிற்கிறேன். சுப்ராஸ்பினேட்டஸை அறுத்துப் பார்க்க, டெல்டாய்டை கிளாவிக்கிள் (காறை எலும்பு), அக்ரோமியன், ஸ்கேப்புலாவின் (தோள்பட்டை எலும்பின்) முகடான ஸ்பைன் ஆகிய மூன்றிலிருந்தும் எலும்பை ஒட்டி விடுவித்துக் கீழே மடக்க வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் அடியிலிருக்கும் பர்சாவும் (வழுக்குப் பை) டெல்டாய்டோடு சேர்ந்து கிழிந்து வந்துவிடும். மடக்கும்போது வேகமாக இழுத்தால் ஆக்ஸிலரி நரம்பு அறுந்துபோகும். அது அக்ரோமியனுக்குச் சுமார் 5 முதல் 7 செ.மீ. கீழே, டெல்டாய்டின் உள்பக்கத்தை ஒட்டி, போஸ்டீரியர் சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனியோடு ஓடுகிறது. இதைக் கவனித்து அறுத்தவருக்கு, தோள் நழுவியவரின் மேற்கை வெளிப்பக்கத்தில் ஏன் உணர்ச்சி குறைகிறது என்று மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

அடுத்து, கத்தியை வைத்துவிட்டு ஃபோர்செப்ஸால் (இடுக்கியால்) சுப்ராஸ்பினேட்டஸையும் அதற்குக் கீழிருக்கும் இன்ஃப்ராஸ்பினேட்டஸையும் பிரிக்கச் சொல்லுங்கள். தசைப் பகுதியில் எளிதாகப் பிரியும். எலும்பில் சேர்வதற்கு 15 மி.மீ. முன்னால் நின்றுவிடும். அதற்குமேல் இரண்டும் ஒரே தகடு, அடியில் மூட்டுறையான கேப்சூலும் ஒட்டியிருக்கும். 1992இலேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 113 தோள்களை ஆராய்ந்து, மேற்கை எலும்பின் மேல்முனைப் புடைப்பான கிரேட்டர் டியூபராசிட்டியில் பெரும்பரப்பைப் பிடித்திருப்பது இன்ஃப்ராஸ்பினேட்டஸ்தான், சுப்ராஸ்பினேட்டஸின் பிடிப்பிடம் பாடநூல் காட்டுவதைவிடச் சிறியது என்று காட்டினார்கள்.

இதைக் கையால் பிரித்துப் பார்த்துத் தோற்றவர், கையை 90 பாகை தூக்கிக் கட்டைவிரலைக் கீழே திருப்பிச் செய்யும் சோதனை சுப்ராஸ்பினேட்டஸை மட்டும் தனியாகச் சோதிக்கிறது என்று நம்ப மாட்டார். தொட்டு மட்டுமே கற்றவர், விரலுக்கடியில் ஒரே ஒரு தசை இருப்பதாகத்தான் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார்.

விரல்நுனி

15 மி.மீ. விஷயத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதைப் பார்க்க நன்றாக அறுத்த ஒரே ஒரு தோள் போதும், பத்து நிமிடம் போதும். மீதி நேரத்துக்கு என்ன நியாயம்?

ஃபார்மலினில் பதப்படுத்திய உடலின் குறையையும் பேச வேண்டும். பாட்டிலில் வருவது 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு; அதைப் பத்தில் ஒரு பங்காக நீர்த்தால் கிடைக்கும் 10 சதவீத ஃபார்மலினில் ஃபார்மால்டிஹைடு சுமார் 4 சதவீதம். அதுவே புரதங்களைப் பிணைத்துத் திசுவை விறைக்கவைக்கிறது. தோள் பக்கவாட்டில் உயராது, ஸ்கேப்புலா வழுக்காது, நரம்பும் நாளமும் ஃபேஷியாவும் (உறைத்திசுவும்) ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கும். அசைவைப் படிக்கும் துறைக்கு அசையாத மூட்டைக் காட்டுகிறோம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் தீல் 1992இல் வெளியிட்ட முறையில் பதப்படுத்தினால் மூட்டுகள் மடங்கும், திசு நிறம் காக்கும். ஆனால் அதற்கு ரசாயனம் அதிகம், மூழ்கவைக்கும் தொட்டி வேண்டும், மாதக்கணக்கில் நாள் ஆகும். தனிப் பிசியோதெரபிக் கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது. பிளாஸ்டினேஷன் செய்த உறுப்பு நாற்றமில்லாமல் பல ஆண்டு நிற்கும். ஆனால் அசிட்டோனால் நீரை வெளியேற்றி வெற்றிடத்தில் சிலிக்கோனை ஏற்றியது அது. மூட்டு உயிருள்ளதைப் போல மடங்காது.

அல்ட்ராசவுண்டில் இதெல்லாம் கண்ணுக்கு நேரே அசைகிறது. அறுபது பேர் என்றால் முப்பது ஜோடி. ஒரு ஜோடிக்கு ஐந்து நிமிடம் என்றால் 150 நிமிடத்தில் ஒரு தோள் முடிந்துவிடும். லீனியர் புரோப் (தோலில் வைக்கும் நேர்முனைக் கருவி), 7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ், பார்க்கப்படுபவரின் கை பின்பாக்கெட்டில். டெண்டனுக்குச் செங்குத்தாகக் கதிர் விழாவிட்டால் நல்ல டெண்டனும் கறுத்துக் கிழிசல் போலத் தெரியும். புரோப்பைச் சில பாகை சாய்த்துப் பாருங்கள். கறுப்பு மறைந்தால் அது கிழிசல் இல்லை.

நெல்லை பிசியோ

இருவருமே ஒன்றைத் தொடாமல் போகிறீர்கள். உயிருள்ள உடல் என்றால் யாருடைய உடல்?

வகுப்பில் பாதிக்குமேல் மாணவிகள். சுடிதார் மேலாகத் தொட்டு ஸ்கேப்புலாவின் உள்விளிம்பைத் தேடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. துணி மடிப்பும் உள்ளாடைப் பட்டையும் விரலை ஏமாற்றிவிடும், இரண்டு விலா எலும்பு தள்ளிக் குறிப்பார்கள். இல்லையென்றால், ஒல்லியான ஒரே மாணவனைத் தினமும் மேசைமேல் உட்காரவைப்பார்கள். அறுபது பேரும் ஒரே தோளில் கற்றுவிட்டு, வார்டில் 90 கிலோ எடையுள்ள அம்மாவின் தோளில் திகைத்து நிற்பார்கள்.

நேரத்தை மாற்றுவதற்குமுன் இதெல்லாம் இருக்க வேண்டும்: நான்கு பக்கமும் திரை, பின்பக்கம் திறக்கும் பருத்தி மேலாடை, மாணவிகள் பகுதிக்குப் பெண் ஆசிரியர், தொடும் இடத்தைத் தவிர மற்றதை மூடும் துண்டு. என்னைத் தொட வேண்டாம் என்று சொல்பவருக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையக் கூடாது. இதை முதல் வகுப்பிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் பதினெட்டு வயதுப் பெண்ணால் மறுக்க முடியாது.

உடல்தானம் செய்தவரிடமோ குடும்பத்திடமோ சம்மதம் வாங்குகிறோம், ஹாலில் நுழையுமுன் உறுதிமொழி எடுக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சகமாணவியிடம் கேட்பதே இல்லை.

முதுகுத்தண்டு

நெல்லை மேடம் சொன்னது வகுப்பின் நிலை. ஆராய்ச்சியிலும் இதே சண்டை உண்டு, அங்கே இரு தரப்புக்கும் கொஞ்சம் கொஞ்சம் தோல்வி.

தொடுவதை நம்புகிறவர்களுக்கு: இரண்டு இலியாக் கிரெஸ்ட்டின் (இடுப்பெலும்பு மேல்விளிம்பின்) உச்சியையும் இணைத்தால் எல்4 (கீழ்முதுகின் நான்காம் முள்ளெலும்பு) என்று எல்லோரும் எழுதுகிறோம். எக்ஸ்ரேயில் அந்தக் கோடு பெரும்பாலும் எல்4 அல்லது எல்4-5 இடைவெளியில்தான் விழுகிறது. விரலால் தொட்டுப் போடும் கோடோ எல்3 அல்லது எல்3-4 வரை ஏறிவிடுகிறது, ஏனென்றால் எலும்புக்குமேல் இருக்கும் கொழுப்பின் மீதுதான் கை நிற்கிறது. மாணவர்கள் மூவர் ஒருவர் பின் ஒருவராக, மற்றவர் குறியைப் பார்க்காமல் தோல் பென்சிலால் குறிக்கட்டும். இடைவெளியை மி.மீ.யில் அளந்து எழுதட்டும். பிறகு அடிமுதுகு எலும்பான சேக்ரத்திலிருந்து மேல்நோக்கி எண்ணி அல்ட்ராசவுண்டில் சரிபார்க்கட்டும். இந்தச் சரிபார்ப்பு இல்லாத பால்பேஷன் (தொட்டறிதல்) வகுப்பு, தவறையே பழக்கமாக்கும்.

கடாவரை நம்புகிறவர்களுக்கு: மேசைக்கு வரும் உடல்கள் பெரும்பாலும் முதியவர்களுடையவை. ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சுற்றிய நாண்கள்) கிழிசல் வயதோடு கூடுவது. அங்கே அளக்கும் டெண்டன் தடிமனை இருபத்தைந்து வயது கிரிக்கெட் பந்துவீச்சாளருக்குப் பொருத்த முடியாது. விறைத்த தசையின் அளவும் உயிருள்ள தசையின் அளவும் ஒன்றல்ல.

அல்ட்ராசவுண்டால் நம் துறையே கண்டதற்குச் சான்றும் உண்டு. 1994இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் திடீர் கீழ்முதுகு வலிக்காரர்களின் மல்ட்டிஃபிடஸை (முதுகெலும்பை ஒட்டிய தசை) அளந்தார்கள். வலி இருந்த பக்கத்தில், வலி இருந்த மட்டத்தில் தசை சிறுத்திருந்தது. வலி போனாலும் தசை தானாகத் திரும்புவதில்லை என்று 1996இல் அதே குழு காட்டியது. எந்தக் கடாவரும் இதைச் சொல்லியிருக்காது. செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கடியில் தலையணை கொடுத்து வளைவைக் குறையுங்கள். முள்ளெலும்பின் பின்தகடான லாமினாவின் வெள்ளைக்கோட்டை அடிவிளிம்பாகப் பிடியுங்கள். புரோப்பை அழுத்தாதீர்கள், அழுத்தினால் தசை தட்டையாகி அளவு பொய்யாகும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

எலும்புமேசை

எல்3 விஷயம் எனக்கே சாதகம். ஆனாலும் முதுகுத்தண்டு சார் வைத்த சரிபார்ப்பை நான் எதிர்க்க மாட்டேன். ஃபார்மலின் விறைப்பும் உண்மைதான். 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. எக்ஸாஸ்ட் விசிறி ஓடாத ஹாலில் இரண்டு மணி நேரம் நிற்கவைப்பதை நானும் ஆதரிக்கவில்லை.

இரண்டு இடங்களை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்று கழுத்தடி. நுரையீரல் உச்சி கிளாவிக்கிளின் உள்மூன்றிலொரு பகுதிக்கு மேலே சுமார் 2.5 செ.மீ. ஏறி நிற்கிறது. இன்று நம்மவர்கள் கழுத்து-தோள் தசையான மேல் ட்ரபீசியஸில் உலர் ஊசி (மருந்தில்லா ஊசி) குத்துகிறார்கள். தசையைக் கிள்ளித் தூக்காமல் நேராகக் கீழே குத்தினால் நுரையீரலுறையில் காற்றுப் புகும். விலாவுக்கு மேலே அந்த உச்சி நிற்பதைக் கண்ணால் பார்த்தவரின் ஊசிக்கோணம் வேறாக இருக்கும்.

இன்னொன்று பிட்டம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கடாவர்களைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வில் சுமார் 17 சதவீதத்தில் காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு பாடநூல் வழியில் போகவில்லை. பெரும்பாலும் அது பிரிந்து, ஒரு பிரிவு பிட்டத் தசையான பிரிஃபார்மிஸுக்குள்ளும் மற்றது அதற்குக் கீழேயும் போகிறது. ஆறு உடலில் ஒன்று என்று வையுங்கள். கொடி குத்திய ஒரே உடலைப் பார்க்கும் மாணவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. எனவே பிட்டத்துக்கு நேரம் கூட வேண்டும், குறையக் கூடாது.

விரல்நுனி

கழுத்தடியையும் பிட்டத்தையும் தொடவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். அப்படியானால் வயிற்று உறுப்புகளிலும் இடுப்புக்குழியிலும் வெட்டுவோம். கல்லீரல் மடல்களையும் இரைப்பைத் தமனிகளையும் எம்.பி.பி.எஸ். அளவுக்கு நம் மாணவர் பார்க்கத் தேவையில்லை. அங்கே மிச்சமாகும் நேரத்தைத் தோளுக்கும் முழங்காலுக்கும் கொடுக்கலாம். ஸ்பாட்டரில் பத்துக் கொடி என்றால் நான்கை எடுத்துவிட்டு, உயிருள்ளவர் மேல் நான்கு குறி போடச் சொல்வோம். 10 மி.மீ.க்குள் விழுந்தால் முழு மதிப்பெண். தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது.

நெல்லை பிசியோ

கல்லீரலை விட்டுவிடுங்கள், சம்மதம். இடுப்புக்குழியை விடாதீர்கள். பிரசவத்துக்குப்பின் சிறுநீர் கசிவோடு வரும் பெண்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது இடுப்புத்தளப் பயிற்சி. இடுப்புத்தளத்தின் முக்கியத் தசையான லெவேட்டர் ஏனையைத் தோலுக்கு மேலிருந்து யாரும் முழுதாகப் பார்க்க முடியாது. உங்கள் 10 மி.மீ. குறி அங்கே செல்லாது. நடுவே நெடுக்காக அறுத்த ஒரு இடுப்பில் பியூபிஸிலிருந்து (முன்னிடுப்பெலும்பு) காக்சிக்ஸ் (வால் எலும்பு) வரை அது தொட்டில் போலத் தொங்குவதைக் காட்டுங்கள். புடெண்டல் நரம்பு இடுப்பெலும்பின் முள்ளான இஸ்கியல் ஸ்பைனைச் சுற்றித் திரும்புவதையும் காட்டுங்கள். பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு நாற்பது நிமிடம், ஆறு குழு என்றால் இரண்டு மணி நேர வகுப்பு இரண்டு. அந்த நான்கு மணி நேரத்தை முதலில் அட்டவணையில் போட்டுவிட்டு மற்றதைப் பங்கு போடுங்கள்.