கபிஸ்தலம் குடும்பம்: முதுகில் குழாயா, கையில் பொத்தானா?

(குழுவின் முகப்பு வாசகம்: தமிழில் மட்டும் எழுதவும். பேச்சு நடை கூடாது. பிழைக்குத் தண்டம் ரூ.10. இப்படிக்கு, ராமநாதன், தமிழாசிரியர், ஓய்வு)

திங்கள், மாலை 6:42

பாலு: மயக்க மருத்துவரைப் பார்த்துவிட்டு இப்போதுதான் திருச்சி வீட்டுக்குத் திரும்பினோம். வியாழன் காலை ஏழு மணிக்கு அப்பாவுக்கு அறுவை. துளை போட்டுச் செய்ய முடியாதாம், வயிற்றை நீளமாகத் திறந்துதான் கட்டியை எடுப்பார்களாம். பிறகு வலிக்கு என்ன செய்யலாம் என்று நம்மைக் கேட்கிறார். முதுகில் குழாய், அல்லது கையில் பொத்தான், அல்லது வயிற்றுச் சதையில் ஊசி. புதன் காலை சேர்க்கும்போது பதில் சொல்ல வேண்டும்.

ராஜி சித்தி: முருகா

மணி சித்தப்பா: டாக்டருக்குத் தெரியாதது நமக்கா தெரியும்

சாந்தி அத்தை: முதுகில் ஊசி வேண்டாம்

சாந்தி அத்தை: வேண்டவே வேண்டாம்

சாந்தி அத்தை: 1991-இல் எனக்குப் போட்டார்கள். இன்றுவரை குனிந்து கோலம் போட முடியவில்லை

கோபி: அத்தையின் முதுகு வந்துவிட்டது. இனி முடிவு எடுத்தாற்போலத்தான்

உமா: பாலு, அப்பா பக்கத்தில் இருக்கிறாரா? அவர் முன்னால் இதையெல்லாம் பேசாதே

பாலு: கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்

கவிதா: பாலு அத்தான், வார்டில் பணி முடிந்து இப்போதுதான் கைப்பேசியை எடுத்தேன். மஸ்கட்டில் மணி ஐந்தரைகூட ஆகவில்லை, ஆகவே நீளமாகவே எழுதுகிறேன். வயிற்றை இப்படித் திறந்தால் வலி இரண்டு இடத்திலிருந்து வரும். வெட்டிய தோலும் சதையும் ஒன்று, உள்ளே கையாண்ட குடல் இன்னொன்று. சதை அடுக்குகளுக்கு நடுவே ஸ்கேன் பார்த்துப் போடும் ஊசி (டேப் பிளாக் என்போம்) மேல்வலியை மட்டும் மரத்துப்போகச் செய்யும். உள்வலிக்கு வேறு மருந்து சேர்க்க வேண்டும். முதுகுக் குழாய், அதாவது எபிடியூரல், இரண்டையும் பிடிக்கும். முதுகெலும்பு இடைவெளியில் மெல்லிய குழாயை வைத்து அதில் சிறுகச் சிறுக மருந்து விடுவார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள். அதற்கும் தொந்தரவு உண்டு: ரத்த அழுத்தம் இறங்கலாம், கால் கனக்கலாம், அரிக்கலாம், சிறுநீர் போக வராமல் இருக்கலாம். சில பேருக்குக் குழாய் சரியாக அமையாமல் ஒரு பக்கம் மட்டும் மரக்கும்.

கவிதா: பொத்தான் என்பது பம்பு. ரத்தக்குழாயில் மார்பின் அல்லது ஃபென்டானில் என்ற கடுமையான வலிமருந்து போகும். வலிக்கும்போது மாமாவே அழுத்திக்கொள்ளலாம். ஒருமுறை அழுத்தினால் ஐந்து, பத்து நிமிடத்துக்கு எத்தனை அழுத்தினாலும் தராது. மாமாவுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) 1.6 என்று நினைவு. அப்படியானால் மார்பினின் கழிவு உடம்பில் தேங்கும். ஃபென்டானில்தான் வைப்பார்கள் என்று நினைக்கிறேன். இதில் தூக்கம், குமட்டல் வரும், குடல் மெதுவாகத்தான் விழிக்கும்.

கோபி: படித்து முடித்தவர்கள் கை தூக்கவும்

ராஜி சித்தி: நான் படித்துவிட்டேன். அண்ணன் தூங்கிவிட்டால் பொத்தானை நான் அழுத்துகிறேன். இரவு நான்தான் இருக்கப்போகிறேன்

கவிதா: சின்ன அத்தை, கூடவே கூடாது!! அதன் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. மருந்து அதிகமானால் ஆள் தூங்கிவிடுவார், தூங்குகிறவர் அழுத்தமாட்டார். நீங்கள் பாசத்தில் அழுத்தினால் மூச்சு குறைந்துபோகும். யாரும் தொடக்கூடாது.

ராஜி சித்தி: சரி சரி. கேட்டது தப்பா

உமா: இரவு சித்தி இருப்பதாக எப்போது முடிவானது? அம்மா இருப்பதாக அல்லவா பேசினோம்

பாலு: அம்மாவுக்குச் சர்க்கரை. அங்கே நாற்காலி ஒன்றுதான்

மணி சித்தப்பா: [பலமுறை முன்னனுப்பப்பட்டது] *அறுவைப் புண் மூன்றே நாளில் ஆற* வெந்தயம், பெருங்காயம், பனங்கற்கண்டு சம அளவு எடுத்து...

கவிதா: சின்ன மாமா, குடல் வேலை செய்யும்வரை டாக்டர் சொன்னதைத் தவிர எதுவும் வாயில் வைக்கக்கூடாது

மணி சித்தப்பா: நான் அனுப்பினேன், அவ்வளவுதான்

உமா: எனக்குப் பல் பிடுங்கியபோது டைக்ளோஃபெனாக் போட்டார்கள், நன்றாகக் கேட்டது. அதையே போட்டால் என்ன? இந்தக் குழாய், பம்பு எல்லாம் பில் ஏற்றத்தானே

கவிதா: உமா அண்ணி, அந்தச் சிறுநீரகத்துக்கு டைக்ளோஃபெனாக் ஆகாது. பாராசிட்டமால் எந்த வழியிலும் சேர்ந்தே ஓடும். வேளை தவறாமல் போட்டால் மற்ற மருந்து குறைவாகப் போதும். அது மட்டுமே போதுமா என்றால் இந்த அளவு வெட்டுக்குப் போதாது.

கவிதா: இன்னொன்று. வலியை அடக்குவது சும்மா படுத்திருக்க இல்லை. வலித்தால் மாமா மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமப் பயப்படுவார், சளி அடியில் தங்கி நிமோனியா வரும். எங்கள் வார்டில் பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டுவிட்டு, உடனே இருமிக் காட்டுங்கள் என்போம். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். மூன்று பந்து இருக்கும் மூச்சுக் கருவியை இன்றே வாங்கிப் பழகச் சொல்லுங்கள். ஊதுவதற்கு இல்லை, உறிஞ்சுவதற்கு. எல்லோரும் ஊதுவார்கள்.

பாலு: வாங்கியாகிவிட்டது. அப்பா ஊதிக்கொண்டிருந்தார்

சாந்தி அத்தை: முதுகு?

கவிதா: அம்மா, எபிடியூரல் போட்ட இடம் சில நாள் வலிக்கும். வருடக்கணக்கில் வலிக்கக் காரணம் அது இல்லை என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. உனக்குப் போட்டது வேறு, ஒரே தடவை குத்தி எடுக்கும் ஊசி. கை பம்பிலிருந்து இரண்டு குடம் சுமந்தாயே, அதைக் கணக்கில் சேர்க்கமாட்டாயா?

சாந்தி அத்தை: அந்த ஊசி போட்டு எடுத்த பிள்ளை நீதானே. நீயே ஊசிக்கு வக்காலத்து வாங்கு

கோபி: ஆக, அத்தையின் முதுகுவலிக்கு மூலகாரணம் கவிதா அக்கா

ராஜி சித்தி: வியாழன் வருகிறவர்களுக்கு இட்லி கட்டிக் கொண்டுவருகிறேன். எத்தனை பேர்

சாந்தி அத்தை: கேரியரில்தானே?

ராஜி சித்தி: ஆமாம்

சாந்தி அத்தை: என் நாலு அடுக்குக் கேரியரா

கோபி: போச்சு

மாலை 7:20

மணி சித்தப்பா: விளையாட்டு போதும். மார்பினும் வேண்டாம், அதன் அண்ணன் தம்பியும் வேண்டாம். 2009-இல் அப்பாவுக்குக் கொடுத்த மூன்றாம் நாள் என்ன ஆயிற்று? எனக்கு மறக்கவில்லை

பாலு: சித்தப்பா, இப்போது அது எதற்கு

கவிதா: தாத்தாவைக் கொண்டுபோனது மார்பின் இல்லை சின்ன மாமா, புற்றுநோய். மருந்து கிடைக்காமல் இரண்டு மாதம் அவர் கத்தினாரே, அதுதான் கொடுமை. 1985-ஆம் வருடப் போதைமருந்துச் சட்டப்படி மார்பின் வைத்திருக்க மருத்துவமனைகளுக்கு ஏகப்பட்ட உரிமம் வேண்டியிருந்தது. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

சாந்தி அத்தை: தஞ்சாவூருக்குக் கூட்டிப் போங்கள் என்று நான் அன்றே சொன்னேன். நெல் அறுப்பு முடியட்டும் என்றது யார்?

மணி சித்தப்பா: அறுப்பை விட்டுவிட்டு வந்திருந்தால் நீ பணம் கட்டியிருப்பாயா?

சாந்தி அத்தை: என் வளையல் எங்கே போயிற்று என்று நினைக்கிறாய்?

உமா: இந்தச் சண்டை வருடத்துக்கு ஒருமுறை வரும், இந்த வருடம் முன்னதாகவே வந்துவிட்டது

மணி சித்தப்பா: எதையும் போடவில்லை என்று அண்ணன் வழி தாங்காமல் துடித்தால் அதற்கும் என்னைத்தான் சொல்வீர்கள்

அப்பா: வலி. வழி அன்று. மணி, தண்டம் பத்து ரூபாய்.

கோபி: பெரியப்பா!!

ராஜி சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாலு: அப்பா, நீங்கள் செய்தி பார்க்கவில்லையா

அப்பா: ஒலியை நிறுத்தி அரை மணி நேரம் ஆகிறது. என் வயிற்றைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் பேசியாயிற்று. எனக்குக் குழாயோ பொத்தானோ எதுவாயினும் சம்மதம். பொத்தான் என்றால் சரியாக அழுத்துவேனா என்பதுதான் ஐயம். முதுகு என்றால் உட்கார்ந்து குனிய வேண்டுமாம், அது முடியும். கவிதா, தெளிவாக எழுதியிருக்கிறாய். ஒற்று இரண்டு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது.

கவிதா: மன்னியுங்கள் பெரிய மாமா. ஒன்று கேட்க வேண்டும். 2021-இல் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போட்டீர்களே, குளோபிடோக்ரெல், நிறுத்திவிட்டீர்களா? அது உடம்பில் இருந்தால் முதுகில் குழாய் வைக்கமாட்டார்கள். உள்ளே ரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்தும். அரிதுதான், ஆனால் வந்தால் கால் போய்விடும். ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளி வேண்டும்.

அப்பா: போன வியாழன் முதல் நிறுத்திவிட்டேன். டாக்டரிடமும் சொன்னேன். இரவில் கொலஸ்ட்ரால் மாத்திரை மட்டும்.

கவிதா: எந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை?

அப்பா: சென்னையில் உமா அழைத்துப் போன டாக்டர் ஜனவரியில் எழுதியது. குப்பிபோல் இருக்கும், உள்ளே மருந்து அடைத்த மாத்திரை.

கவிதா: பாலு அத்தான், அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். உடனே

பாலு: [படம்]

கோபி: எழுத்து எறும்பு அளவு இருக்கிறது

கவிதா: அட்டோர்வாஸ்டாட்டின் 10, ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75. மூன்றும் ஒரே குப்பியில்.

பாலு: அப்படியென்றால்

கவிதா: நிறுத்தியது ஒன்று, உள்ளே போய்க்கொண்டிருப்பது இன்னொன்று. ஜனவரியிலிருந்து இரண்டு மடங்காகவே போயிருக்கிறது. கடைசியாக எப்போது போட்டார்?

அப்பா: நேற்று இரவு ஒன்பதரை.

பாலு: வியாழன் காலைக்கு மூன்றரை நாள்தான் ஆகும்

உமா: பழைய மாத்திரையைக் காட்டித்தான் நான் எழுதி வாங்கினேன். என்மேல் போடாதீர்கள்

பாலு: யாரும் எதுவும் சொல்லவில்லையே

உமா: சொல்வீர்கள்

மணி சித்தப்பா: அப்படியானால் முதுகு இல்லை. பொத்தானா?

கவிதா: அதை நானோ நீங்களோ சொல்ல முடியாது. மயக்க மருத்துவருக்கும் அறுவை மருத்துவருக்கும் இப்போதே தெரிய வேண்டும், ரத்தப்போக்கு விஷயம் இது. இன்றிரவு அந்தக் குப்பியைப் போடுவதா வேண்டாமா என்பதையும் இதய மருத்துவரே சொல்லட்டும். ஸ்டென்ட் இருப்பதால் ஆஸ்பிரினைத் தொடரச் சொல்லக்கூடும். நாமாக எதுவும் செய்யக்கூடாது. ஒன்பதரைக்குள் கேட்டுவிடுங்கள்.

பாலு: அழைக்கிறேன்

இரவு 8:05

பாலு: மயக்க மருத்துவர் எடுக்கவில்லை. பணியிலிருக்கும் மருத்துவர் பேசினார். இதய மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை அந்தக் குப்பியைத் தொடவேண்டாம் என்றார். எபிடியூரல் அனேகமாக இருக்காது, சதை ஊசியும் பம்புமாக இருக்கலாம் என்றார். அறுவையே திங்களுக்குத் தள்ளிப்போனாலும் போகலாம். காலையில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.

உமா: திங்கள் என்றால் என் ரயில் டிக்கெட்?

கோபி: அத்தை வென்றுவிட்டார். முதுகில் ஊசி இல்லை

சாந்தி அத்தை: நான் சொன்ன காரணத்துக்காக இல்லையே

அப்பா: அது பரவாயில்லை. மணி, பத்து ரூபாய் இன்னும் வரவில்லை.

மணி சித்தப்பா: வியாழன் நேரில் தருகிறேன் அண்ணா. அல்லது திங்கள்

ராஜி சித்தி: மாவு வியாழனுக்கு அரைப்பதா திங்களுக்கா? யாராவது சொல்லுங்கள்

சாந்தி அத்தை: எப்போது அரைத்தாலும் கேரியரை என் வீட்டில் வைத்துவிட்டுப் போ