டாக்கர் கம்போஸ்: ஜாங்கோ டெம்ப்ளேட்டில் போஸ்ட்கிரஸ் கனெக்ட் ஆகவில்லை

கேட்டவர்:
வணக்கம். ஜாங்கோவும் (பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்) போஸ்ட்கிரஸும் (டேட்டாபேஸ்) சேர்ந்த ஒரு ஸ்டார்ட்டர் டெம்ப்ளேட்டை டாக்கர் கம்போஸில் (ஒவ்வொன்றையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் வைத்துச் சேர்த்து ஓட்டும் கருவி) ஓடவைக்கப் பார்க்கிறேன். லேப்டாப்பில் ஏற்கெனவே வேறொரு போஸ்ட்கிரஸ் 5432 போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பதால் கம்போஸ் ஃபைலில் 5433:5432 (லேப்டாப்பில் 5433, கன்டெய்னருக்குள் 5432) என்று போட்டு, என்வ் ஃபைலில் (செட்டிங்ஸ் வைக்கும் ஃபைல்) ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 5433 என்று கொடுத்திருக்கிறேன். டிபீவரில் (டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் ஆப்) இதே விவரத்தோடு உள்ளே போக முடிகிறது. வெப் கன்டெய்னர் மட்டும் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று விழுகிறது. ஏன்?

முதல் பதில்:
டிபீவர் ஓடுவது உங்கள் லேப்டாப்பில், ஜாங்கோ ஓடுவது கன்டெய்னருக்குள். அதற்குள்ளிருந்து லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான், அங்கே போஸ்ட்கிரஸ் ஏது? ஹோஸ்டில் கம்போஸ் ஃபைலில் உள்ள சர்வீஸ் பெயரைப் போடுங்கள், பெரும்பாலும் 'டிபி' என்றிருக்கும். போர்ட் 5432. அந்த 5433 வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும்.

கேட்டவர்:
நன்றி ப்ரோ, அது தீர்ந்தது. இப்போது 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்'! என்வ் ஃபைலில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தேன், ஆனால் இரண்டு கன்டெய்னரும் அதே ஃபைலைத்தான் படிக்கின்றன. டவுன் கொடுத்து (கன்டெய்னர்களை நிறுத்தி நீக்கும் கமாண்ட்), திரும்ப பில்டும் செய்தாயிற்று.

இரண்டாவது பதில்:
டிபீவரில் சேமித்திருப்பது பழைய பாஸ்வேர்ட்தானே? அது இன்னும் வேலை செய்கிறதென்றால் விடை அங்கேயே இருக்கிறது. போஸ்ட்கிரஸ் இமேஜ் என்வ் ஃபைலின் பாஸ்வேர்டை எடுத்துக்கொள்வது டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் முறை மட்டும்தான். அப்புறம் நீங்கள் என்ன மாற்றினாலும் கண்டுகொள்ளாது. வெறும் டவுனோ பில்டோ அந்த டேட்டா ஃபோல்டர் இருக்கும் வால்யூமைத் தொடாது. உள்ளே வேண்டிய டேட்டா எதுவும் இல்லையென்றால் டவுனோடு மைனஸ் வி (-v) சேர்த்து அடித்துவிட்டுத் திரும்ப அப் கொடுங்கள் (வால்யூமே போய்விடும், பார்த்துச் செய்யுங்கள்). டேட்டா வேண்டுமென்றால் டிபி கன்டெய்னருக்குள் போய் பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரஸின் கமாண்ட் லைன்) திறந்து ஆல்டர் யூசர் கமாண்ட் கொடுத்துப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், உள்ளேயிருந்து போனால் அந்த இமேஜ் பாஸ்வேர்ட் கேட்பதில்லை.

கேட்டவர்:
ஆமாம், பழையதுதான். மைனஸ் வி அடித்தேன், முதல் தடவை வெப் விழுந்தது, அதை மட்டும் ரீஸ்டார்ட் செய்ததும் ஓடுகிறது. டிபிக்குப் பிறகு வெப் கிளம்பட்டும் என்று கம்போஸ் ஃபைலில் டிபெண்ட்ஸ் ஆன் போட்டுத்தானே இருக்கிறது, பிறகு ஏன் விழுந்தது?

முதல் பதில் எழுதியவர்:
சும்மா டிபெண்ட்ஸ் ஆன் போட்டால் டிபி கன்டெய்னர் கிளம்பியதும் வெப்பும் கிளம்பிவிடும், போஸ்ட்கிரஸ் தயாரா என்று பார்க்காது. காலி வால்யூமில் முதல் தடவை அது தயாராக நேரம் பிடிக்கும். டிபி சர்வீஸில் பிஜி இஸ்ரெடி (போஸ்ட்கிரஸ் தயாரா என்று கேட்கும் கமாண்ட்) வைத்து ஒரு ஹெல்த்செக் எழுதி, வெப்பின் டிபெண்ட்ஸ் ஆனில் கண்டிஷனை சர்வீஸ் ஹெல்தி என்று மாற்றுங்கள். அப்படியே ரன்சர்வர் (ஜாங்கோவின் டெவலப்மெண்ட் சர்வர்) 0.0.0.0:8000இல் ஓடுகிறதா என்றும் பாருங்கள், 127.0.0.1 (கன்டெய்னருக்குள் மட்டும்) என்றிருந்தால் பிரவுசரில் பக்கம் வராது.