வீட்டு வரி ஏறுது, பஸ் ஸ்டாண்டு எழும்புது: நம்ம காசு எதுல போகுது?

கேள்வி: கடற்கரைத்தெரு

ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு நகராட்சி. தரைத்தளம் மட்டும், காங்கிரீட் வீடு, 40க்கு 29 அடி, 1,160 சதுர அடி. சொந்தக் குடியிருப்பு. 2022க்கு முன்னால் அரையாண்டுக்கு 1,200 ரூபாய் வந்த வரி இப்போது 2,226. கேட்டால் "புது பஸ் ஸ்டாண்டு வருதுல்ல" என்கிறார்கள். பாம்பன் புதுப் பாலத்துக்கும் நம்ம வரிதான் போச்சு என்று டீக்கடையில் பேச்சு. பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறவர்களில் பாதிக்குப் பாதி ராமேஸ்வரம் போகும் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு நிழல் போட உள்ளூர் வீட்டுக்காரன் ஏன் சுமக்க வேண்டும்? வரியைக் கட்டாமல் நிறுத்தினால் என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கணக்குப்பிள்ளை

முதலில் எந்தப் பை எது என்று பிரித்துக்கொள்ளுங்கள் அண்ணே. பாம்பன் பாலம் ரயில்வே பணம். 2025 ஏப்ரலில் திறந்த அந்தத் தூக்குப் பாலத்துக்கு 500 கோடிக்கு மேல் ஆனது, அதில் வீட்டு வரி ஒரு பைசா இல்லை. பஸ் ஓட்டுவது அரசுப் போக்குவரத்துக் கழகம். டீசல், சம்பளம், மகளிர் இலவசப் பயணத்துக்கான ஈட்டுத்தொகை எல்லாம் டிக்கெட் வசூலிலும் மாநில பட்ஜெட்டிலும் அடங்கும். நகராட்சி கைக்கு வருவது பஸ் ஸ்டாண்டு கட்டடம், அதன் கழிப்பறை, விளக்கு, கடைகள், உள்ளே வரும் ரோடு. அதையும் பெரும்பாலும் மாநிலத் திட்ட மானியத்தில்தான் கட்டுவார்கள். மிச்சம் நகராட்சிப் பங்கு, அல்லது நகரப் பணிகளுக்குக் கடன் தரும் மாநில அரசு நிறுவனமான டுஃபிட்கோ மாதிரி இடத்தில் வாங்கும் கடன். உங்கள் வரி தொடுவது இந்தக் கடைசித் துண்டை மட்டும்.

அதனால் வரி ஏறியதற்குக் காரணம் பஸ் ஸ்டாண்டு இல்லை. உள்ளாட்சிக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரியைத் திருத்த வேண்டும் என்று மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. 2022 ஏப்ரலில் மாநிலம் முழுக்க ஏற்றினார்கள். நகராட்சிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பிறகு ஆண்டுதோறும் 6 சதவீதம் கூட்ட விதி இடம் கொடுத்தது.

இப்போது உங்கள் பில்லைப் பாருங்கள். 1,160 அடிக்கு 50 சதவீதம்தான். 1,200 ரூபாய் 1,800 ஆகி, 6 சதவீதம் ஒருமுறை சேர்ந்தால் 1,908. உங்களுக்கு வந்திருப்பது 2,226. அது 1,200க்கு 75 சதவீதம் போட்டு 2,100 ஆக்கி, அதன்மேல் 6 சதவீதம் சேர்த்த தொகை. அதாவது நகராட்சிப் பதிவேட்டில் உங்கள் வீடு 1,200 அடிக்கு மேல் என்று இருக்கிறது. பழைய முறையில் பத்துப் பதினைந்து அடி கூடுதலாக எழுதியிருந்தால் சில ரூபாய்தான் வித்தியாசம், யாரும் கவனிக்கவில்லை. 2022இல் மொத்த வரிக்கும் விகிதம் மாறியதால் விளிம்பில் இருந்த வீடுகள் அடுத்த படிக்குத் தாவிவிட்டன. உங்களுக்கு அரையாண்டுக்கு 318 ரூபாய், வருஷத்துக்கு 636 ரூபாய் கூடுதல். பஸ் ஸ்டாண்டைத் திட்டுவதற்கு முன்னால் இதைப் பிடியுங்கள்.

கட்டாமல் நிறுத்தாதீர்கள். கெடு தாண்டினால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஓடும், குடிநீர் இணைப்பில் கை வைப்பார்கள், பெயர் மாற்றம், பிளான் அப்ரூவல் என்று போனால் நிலுவை முன்னால் வந்து நிற்கும். மேல்முறையீட்டிலும் "முதலில் கட்டிவிட்டு வா" என்பார்கள். ஏப்ரல் 30க்குள், அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. 2,226இல் 111 ரூபாய் மிச்சம்.

பதில்: கடற்கரைத்தெரு

ஆன்லைனில் வரி விதிப்பு எண் போட்டுப் பார்த்தேன். 1,214 என்று இருக்கிறது! வாசலில் 9க்கு 6 அடியில் ஷீட் இறக்கியிருக்கிறோம், சுவர் கிடையாது. 54 அடி, சரியாக அதுதான்.

பதில்: கணக்குப்பிள்ளை

அப்போ மனு எளிது. ஆணையருக்கு மறுஅளவீடு கேட்டு எழுதுங்கள். வரி விதிப்பு எண், அப்ரூவல் பிளான் நகல், நான்கு பக்கச் சுவரின் அளவோடு கையால் போட்ட வரைபடம், சுவர் இல்லாத ஷீட் பகுதியின் போட்டோ, கடைசி ரசீது. பில் கலெக்டர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். அளக்க வரும் நாளில் நீங்களும் டேப்பின் ஒரு முனையைப் பிடியுங்கள். ஆணையர் மறுத்தால் நகர்மன்றத்தின் வரி விதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது, நோட்டீஸில் போட்ட கெடுவுக்குள் போக வேண்டும்.

பதில்: உப்புக்காற்று

கணக்கு சரி. ஆனால் பஸ் ஸ்டாண்டால் நம் வரிக்கு நஷ்டமே இல்லை என்று விட்டுவிட முடியாது. கட்டுவதற்கு மானியம் வரும், பழுது பார்க்க வராது. நம் கடலோரத்தில் பணம் கரைவது அந்த இடத்தில்தான்.

மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, காங்கிரீட். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 படி கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்30 (எம் எண் கூடினால் காங்கிரீட்டின் வலு கூடும்), கம்பியை மூடும் காங்கிரீட், கவர் என்பார்கள், 45 மி.மீ. அலைத்துளி தெறிக்கும் இடமென்றால் எம்35, 50 மி.மீ. உள்நாட்டு ஊருக்குப் போட்ட எஸ்டிமேட்டை அப்படியே எடுத்து எம்20, 25 மி.மீ. என்று விட்டிருந்தால் சில வருஷத்தில் கம்பி துருப்பிடித்து உப்பும், கூரையின் அடிப்பக்கம் நீளவாக்கில் விரிசல் விடும், பயணிகள் தலையில் சில்லு விழும்.

இரண்டு, தண்ணீர். இது எஸ்டிமேட்டில் தெரியாது, தளத்தில்தான் தெரியும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மி.கி. குளோரைடுக்கு மேல் ஆகாது. நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடத்தில் வாயில் வைக்க முடியாது. கலவைக்கு டேங்கர் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, போட்ட காங்கிரீட்டை நனைத்து வைக்கப் பக்கத்து போர் மோட்டாரைத் திருப்பிவிடுவார்கள். காய்ந்த தூணில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் உடனே போட்டோ எடுத்து, தண்ணீர் பரிசோதனை அறிக்கை கேளுங்கள்.

மூன்று, தரை. பஸ் திரும்பும் இடத்தில் 60 மி.மீ. பேவர், அதாவது தரையில் பதிக்கும் காங்கிரீட் கல், போட்டால் முதல் மழைக்கே அமுங்கும், அடியில் மணல் அரித்துப் போகும். கனரக வண்டிக்கு எம்50, 100 மி.மீ. கனம் வேண்டும்.

பதில்: மண்டபத்துக்காரன்

யாத்ரீகர்களைப் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. பழியை மட்டும் இடம் மாற்றுங்கள். மாநில வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்குத் தரும் நிதிக்குழுப் பங்கைப் பிரிக்கும்போது குடியிருக்கும் மக்கள்தொகைக்குத்தான் எடை அதிகம், அதுவும் 2011 கணக்கு. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தத்துக்கு வந்து போகும் கூட்டம் அந்தக் கணக்கில் கிடையாது. அவர்கள் போடும் குப்பையும் கழிப்பறைத் தண்ணீரும் உள்ளூர் தலையில். மன்றக் கூட்டத்தில் கவுன்சிலரைக் கேட்க வைக்க வேண்டிய கேள்வி இது.

ஆனால் வெளியூர்க்காரனிடமிருந்து நகராட்சிக்கு வருமானமும் உண்டு: பஸ் நுழைவுக் கட்டணம், டூ வீலர் ஸ்டாண்டு, கட்டணக் கழிப்பறை, கடை வாடகை. இந்தக் குத்தகை ஏலம் ஒழுங்காக நடந்தால் பராமரிப்புக்கு வீட்டு வரியைத் தொட வேண்டியதில்லை. நாலு பேர் கூடிப் பேசி ஏலம் ஏறவிடாமல் பார்த்துக்கொள்வதும், டெபாசிட்டை எட்டாத உயரத்தில் வைத்துக் கடைகளைப் பூட்டியே போடுவதும்தான் ஓட்டை. நாங்கள் பஸ்ஸே ஏறுவதில்லை என்கிற வாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். விடிகாலையில் மீன் கூடையோடு நிற்கிற பொம்பளைகளுக்கு அந்த நிழலும் கழிப்பறையும் வேண்டும். அவர்களில் பலர் வீட்டுக்கும் இதே வரி பில் வருகிறது.

பதில்: கணக்குப்பிள்ளை

இரண்டு பேர் சொன்னதையும் ஒரே தகவல் உரிமை மனுவில் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன்" என்று கேட்காதீர்கள், "காரணம் சொல்ல வேண்டியதில்லை" என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்: பஸ் ஸ்டாண்டுப் பணிக்கான மன்றத் தீர்மானம், மானியம், கடன், நகராட்சிப் பங்கு எவ்வளவு என்று காட்டும் நிர்வாக அனுமதி ஆணை, விரிவான எஸ்டிமேட், கடன் இருந்தால் தவணை அட்டவணை, கடந்த மூன்று வருஷக் குத்தகை கேட்பு (வர வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பதிவேடு. கடைசியாக உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கை. நகராட்சியில் வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி தனித்தனி. கல்வி நிதியை எடுத்துக் கட்டட வேலைக்குப் போட்டிருந்தால் தணிக்கைத் தடையாக, அதாவது தணிக்கையாளர் ஆட்சேபமாக, அதில் பதிவாகியிருக்கும்.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தை, எம்-புக் என்பார்கள், நேரில் பார்க்கவும் அதே மனுவில் அனுமதி கேட்டுவிடுங்கள். உப்புக்காற்று சொன்ன பேவர் கனம் அதில்தான் எழுதியிருக்கும்.