சீனச் சொல்லை எழுத்தெழுத்தாகப் படிப்பதா, முழுசாகவா?

மீன்கொத்தி:
சீனம் கற்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. என் கட்சி இதுதான்: எழுத்துகளின் பொருள் தெரிந்தால் கூட்டுச்சொல் தானாக வந்துவிடும். மின்சாரம், மூளை: 'தியென்நாவ்', கணினி. நெருப்பு, வண்டி: 'ஹுவோச்சே', ரயில். சீனர்களும் இப்படிக் கூட்டித்தான் படிப்பார்கள்.

கரிசல்காட்டான்:
நாற்காலி என்றதும் கால்களை எண்ணுகிறீர்களா, நண்பரே? ஆபீஸில் ஒற்றைத் தண்டில் சுழல்வதும் நமக்கு நாற்காலிதான். அவர்களுக்கும் ரயில் மின்சாரத்தில் ஓடினாலும் 'ஹுவோச்சே'தான். 'தோங்சி'யைக் கூட்டுங்கள் பார்ப்போம். கிழக்கு, மேற்கு. பொருள் என்ன தெரியுமா? சாமான்! 'மாஷாங்' குதிரை மேல். பொருள்: உடனே.

மீன்கொத்தி:
குதிரையில் ஏறியாயிற்று, உடனே கிளம்பு. விளங்குகிறதே!

கரிசல்காட்டான்:
விடை தெரிந்த பிறகு எல்லாம் விளங்கும். முதல்முறை பார்த்தபோது கண்டுபிடித்தீர்களா? திராட்சைக்கு 'பூதாவ்'. இரண்டு எழுத்து, பிரித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இடைவெளி:
நடுவில் நுழைகிறேன். சீன எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாது. கூட்டுவது இருக்கட்டும், எங்கே வெட்டுவது? யாங்சி ஆற்றின் மேல் 1968இல் திறந்த பாலத்தை 'நான்ஜிங் ஷி சாங்ஜியாங் தாச்சியாவ்', அதாவது 'நான்ஜிங் நகர யாங்சி பெரும்பாலம்' என்று எழுதுவார்கள். ஓர் எழுத்து தள்ளி வெட்டினால் 'சாங்' எழுத்து முன்னால் உள்ள 'ஷி'யோடு ஒட்டிக்கொண்டு 'நான்ஜிங் மேயர் ஜியாங் தாச்சியாவ்' என்று ஓர் ஆள் எழுந்து நிற்பார். நம் பிரிமொழிச் சிலேடைதான். சீனர்களுக்கு இது பழைய ஜோக். அவர்கள் கண் நேரே பாலத்தில்தான் போய் விழும். தடுமாறுவது நம்மைப் போன்றவர்கள்.

மீன்கொத்தி:
அப்படியானால் இதற்குப் பதில் சொல்லுங்கள். 'மீஃபங்' தேனீ, திருப்பிப் போட்டால் 'ஃபங்மீ' தேன். 'நியூநாய்' பசும்பால், 'நாய்நியூ' கறவை மாடு. (வீட்டில் உரக்கப் படித்தபோது அம்மா திரும்பிப் பார்த்தார்.) எழுத்தின் பொருள் தெரியாதவன் தேன் வாங்கப் போய் தேனீயைக் கேட்பான்.

கரிசல்காட்டான்:
சரி, கற்பவருக்கு அது உதவும், ஒப்புக்கொள்கிறேன். தமிழிலும் கூட்டுச்சொல்லில் முக்கியச் சொல் கடைசியில்தான் வரும், அதனால் உங்களுக்கு இன்னும் சுலபம். ஆனால் 'தோங்சி'யில் இரண்டாவது அசையை லேசாக விட்டால் சாமான், அழுத்திச் சொன்னால் திசைகள். எழுத்தில் இரண்டும் ஒன்றே. அங்கே வாக்கியம்தான் கைகொடுக்கும். ஒரு சீனரிடம் 'ஹுவோச்சே' எழுதிக் காட்டி, முதலில் என்ன தோன்றியது என்று கேளுங்கள். நெருப்பு என்றால் நான் இந்த இழையை விட்டே போய்விடுகிறேன்.