சிடி133 இருந்தால் மட்டும் ஸ்டெம் செல் ஆகிவிடுமா?

திசுவாசகன்:
கல்லீரல் புற்றுக்கட்டியில் சிடி133, சிடி90, எப்கேம் ஆகிய புரதங்களில் ஒன்றை மேற்பரப்பில் தாங்கிய செல்லைப் புற்றுநோய் ஸ்டெம் செல் (கட்டியை மீண்டும் மீண்டும் உருவாக்கும் வேர்ச்செல்) என்றே கொள்ளலாம் என்று செல்வழி நேற்று எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. நாள்தோறும் பயாப்சித் தகடுகளைப் பார்ப்பவன் நான். எப்கேமுக்குச் சாயமேற்றிய தகட்டில், கட்டி எட்டாத பகுதியிலும் பித்த நாளங்கள் பழுப்பு வளையங்களாகத் துலங்கும். சுற்றியுள்ள கல்லீரல் செல்களில் நிறமே ஏறாது. சிடி90-ஐ நார்த்திசுச் செல்களும் தாங்குகின்றன. நலமான திசுவிலும் காணப்படும் புரதத்தை நோயின் வேர் என்று எப்படிச் சொல்வது?

செல்வழி:
ஐயா, புரதம் இருப்பதே சான்று என்று நான் வாதிடவில்லை. அது செல்களைப் பிரித்தெடுக்க உதவும் பிடி. சான்று அதற்குப் பிந்தைய சோதனையில்தான் கிடைக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-இல் சிடி13 என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதத்தைத் தாங்கிய கல்லீரல் புற்றுச் செல்கள் பிளவுறாமல் உறங்கிக் கிடந்தே மருந்திலிருந்து தப்புவதைக் கண்டார்கள். அந்தப் புரதத்தைத் தடுக்கும் உபெனிமெக்ஸ் மருந்தை 5-ஃப்ளூரோயூராசில் என்ற புற்றுநோய் மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோது, தனித்தனியே கொடுத்ததைவிட எலிகளின் கட்டிகள் நன்றாகச் சுருங்கின. வெறும் அடையாளத்தைத் தடுத்து இந்த விளைவைப் பெற முடியுமா?

திசுவாசகன்:
சிடி13 பற்றிய வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலியை அளவுகோலாக்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. 2008-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, நோய் எதிர்ப்பு மிகவும் குன்றிய எலிகளில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்களைச் செலுத்தியபோது, ஏறத்தாழ நான்கில் ஒரு செல் கட்டியை உருவாக்கியது. முந்தைய சோதனைகளில், நோய் எதிர்ப்பு இவ்வளவு குன்றாத எலிகளில், அது மிக அரிதாகத் தோன்றியதற்குக் காரணம் எலியே. கல்லீரலுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும் என்பது என் கருத்து. மேலும் 2013-இல் வெளியான ஆய்வில் எப்கேம் செல்களும் சிடி90 செல்களும் வெவ்வேறு கூட்டங்களாக இருந்தன. இவற்றுள் எது வேர்?

செல்வழி:
இரண்டுமே இருக்கலாம். அதே ஆய்வில் எப்கேம் கூட்டம், கல்லீரல் புற்றுநோயில் இரத்தத்தில் அளக்கப்படும் ஆல்ஃபா ஃபீட்டோபுரதத்தின் மிகுதியோடும், சிடி90 கூட்டம் தொலை உறுப்புகளுக்குப் பரவுவதோடும் தொடர்புற்றிருந்தன. ஆகவே ஒரே குறியை மட்டும் தாக்கும் சிகிச்சை போதாது என்பதே என் முடிவு. சீனாவில் சிடி133-ஐக் குறிவைத்த கார்-டி செல் சிகிச்சையை (குறியைத் தாக்குமாறு மாற்றியமைத்த நோய் எதிர்ப்புச் செல்களைச் செலுத்துவது) பெற்ற 23 பேரில் 14 பேர் கல்லீரல் புற்றுநோயாளிகள்; மொத்தத்தில் மூவருக்கே கட்டி கணிசமாகச் சுருங்கியது.

திசுவாசகன்:
அவர்களுக்கு ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் தற்காலிகமாகக் குறைந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். எலும்பு மஜ்ஜையின் நல்ல ஸ்டெம் செல்களும் சிடி133-ஐத் தாங்குகின்றன. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதே நோயாளியிடமிருந்து எடுத்த திசுவில், குறியிட்ட செல்களே எஞ்சி மீண்டும் வளர்ந்தன என்று காட்டினால், உங்கள் பெயரிடுதலை மறுக்க மாட்டேன்.